பன்னிரண்டேகால் மணிக்கு நிழல் எங்கே?

சேலம் வட்டாரத்தில் பள்ளிக் கட்டடங்களுக்கு வரைபடம் போடும் பொறியாளர்களுக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவினருக்கும் வணக்கம்.

இருபத்தொன்பது ஆண்டுகள் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கடைசியாக நான் வேலை பார்த்த பள்ளியில் மூன்று பக்கம் வகுப்பறைகளும் ஒரு பக்கம் மதிலுமாக ஒரு முற்றம் உண்டு. நடுவே ஒரு புங்கமரம் நின்றது. மதியம் பிள்ளைகள் தட்டோடு அதன் அடியில்தான் உட்காருவார்கள். தரையைச் சமப்படுத்திப் பேவர் பிளாக் பதிப்பதற்காக அந்த மரத்தை வெட்டிவிட்டார்கள். சென்ற ஏப்ரலில் பேரனை அழைத்துவரப் போனேன். பிள்ளைகள் மதிலில் முதுகை ஒட்டவைத்து வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கே நிழல் ஒரு சாண்கூட இல்லை. ஒரு சிறுமி தட்டை மடியில் வைத்துக்கொண்டு, சுடும் தரையில் பாதம் படாமல் குதிகாலை ஊன்றி உட்கார்ந்திருந்தாள். இந்த மடலை எழுத வைத்தது அந்தக் குதிகால்கள்தான்.

நம் ஊர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே பதினொன்றரைப் பாகையைச் சற்றுத் தாண்டி இருக்கிறது. ஏப்ரல் 20ஐ ஒட்டிய நாட்களில் உச்சிவேளைச் சூரியன் நமக்கு நேர் தலைக்கு மேல் நிற்கிறது. ஆகஸ்ட் 22ஐ ஒட்டி மறுபடியும் அப்படி நிற்கிறது. கடிகாரப்படி அந்த உச்சிவேளை சேலத்தில் ஏறக்குறைய பன்னிரண்டேகாலுக்கு வருகிறது. பிள்ளைகள் சாப்பிட வெளியே வரும் நேரம் அது. எவ்வளவு உயரமான சுவர் எழுப்பினாலும் அந்த வேளையில் நிழல் அதன் காலடியை விட்டு வெளியே வராது. மே முதல் ஜூலை வரை உச்சிவேளைச் சூரியன் சற்று வடக்கே நிற்பதால் வடக்குப் பார்த்த தாழ்வாரத்திலும் வெயில் இறங்குகிறது. ஆகவே கோடை முற்றத்துக்கு நிழல் மேலிருந்துதான் வர வேண்டும். மாலை வெயில் தாழ்வாக வருவதால் மேற்கே தனியாக ஒரு மறைப்பும் தேவை.

முற்றத்தில் இருப்பவரை வாட்டுவது காற்றின் சூடு மட்டுமல்ல. நேர் வெயிலும், காய்ந்த தரையும் சுவரும் வீசும் அனலும் அதோடு சேர்ந்துகொள்கின்றன. தரையில் வெயில் விழாமல் தடுத்தாலே அனலில் பெரும்பகுதி அடங்கிவிடும்.

முன்பு இதற்குக் கீற்றுப் பந்தல் இருந்தது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகளைத் தீக்குக் கொடுத்தோம். அதன் பிறகு பள்ளிகளில் கீற்று வேண்டாம் என்றது முழுக்கச் சரி. அதைத் திரும்பக் கொண்டுவரச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் கீற்று போன இடத்தில் வந்தது வெறும் தகரம். அது வெயிலை மறைத்துவிட்டு, தானே காய்ந்து, கீழே இருப்பவர்கள் தலைமேல் அனலை இறக்குகிறது. தகரம்தான் போட முடியும் என்றால் உயரமாகப் போடுங்கள். மேற்புறம் வெள்ளை பூசுங்கள். சூடான காற்று வெளியேற உச்சியில் இடைவெளி விடுங்கள்.

முற்றத்தை நிரந்தரமாக மூடிவிடவும் வேண்டாம். பகலில் ஏறிய சூட்டை அது இரவில் திறந்த வானத்துக்குத்தான் விடுகிறது. ஸ்பெயினின் செவில் நகரத்தில் கோடைக்காலத்தில் தெருக்களுக்கு மேலே துணி கட்டி நிழல் செய்கிறார்கள். எளிதில் தீப்பற்றாத துணியைக் கம்பியில் கோத்து, காலையில் இழுத்துவிட்டு மாலையில் ஒதுக்கும்படி நாமும் அமைக்கலாம்.

எல்லாவற்றிலும் மரமே மேல். இலைகள் நீரை ஆவியாக்கிக்கொண்டே இருப்பதால் தகரம் போல அவை காய்வதில்லை. புங்கை இலை உதிர்த்தாலும் ஏப்ரல் வெயிலுக்குள் தளிர்த்து அடர்ந்துவிடும். மரம் வளரும் வரை கொடிப்பந்தல் போடலாம். கல்தூண் நட்டுக் கொடி ஏற்றும் கல்பந்தல் நம் மாவட்டத்து விவசாயிகளுக்குப் புதிதல்ல. தை மாதம் பீர்க்கனோ பாகலோ விதைத்துத் தண்ணீர் விட்டால் பங்குனியில் பந்தல் மூடிக்கொள்ளும். ஏற்காட்டில் காப்பிச் செடிக்கு முதலில் நிழல்மரத்தை நிறுத்துகிறார்கள். எவ்வளவு வெயில் உள்ளே விழ வேண்டும் என்று பார்த்துக் கிளை கழிக்கிறார்கள். அந்தக் கவனத்தில் பாதியையாவது பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். இனிப் போடும் ஒவ்வொரு முற்றத்தின் வரைபடத்திலும் ஏப்ரல் மாத உச்சிவேளை நிழல் எங்கே விழும் என்று குறியுங்கள். பேவர் பிளாக் பதிக்கும் இடங்களில் மரத்தைச் சுற்றி ஆறடிக்கு ஆறடியாவது மண்ணாக விடுங்கள். ஏற்கெனவே பதித்த இடங்களில் நடுவே சில வரிசைகளைப் பெயர்த்தெடுத்தால் போதும், குழி எடுத்துவிடலாம்.

அந்தப் புங்கமரத்தை வெட்டுவதற்கு முன்பு அதன் அடியில் பொறுக்கிய காய்களிலிருந்து எட்டுக் கன்றுகள் என் வீட்டுக் கொல்லையில் இடுப்பளவுக்கு வளர்ந்து நிற்கின்றன. ஐப்பசி மழைக்குள் இடத்தைக் காட்டுங்கள். கன்றுகளை நானே கொண்டுவந்து வைத்து, முதல் இரண்டு கோடைக்கும் தண்ணீர் ஊற்றுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர்,
சேலம்