என்றென்றும் உங்களுடையதாம்!

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் எம்பி3 பிளேயர்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் நன்றாக இருந்தன. ஆனால் மூன்றாவது பத்தியில் ஒரு வரி: ‘இணையக் கடையில் காசு கொடுத்து வாங்கிய பாட்டு என்றென்றும் உங்களுடையது.’ அதோடு இதழை மூடி வைத்தவன், மிச்சத்தை மறுநாள்தான் படித்தேன். என்றென்றுமாம்! எழுதியவர் ஒரு பாட்டாவது காசு கொடுத்து வாங்கியிருப்பாரா என்றே சந்தேகமாக இருக்கிறது.

நான் வாங்கியிருக்கிறேன், 214 பாட்டு. ஒரே நாளில் இல்லை. நாலைந்து வருஷமாக, சம்பளம் வந்த வாரத்தில் இரண்டு மூன்று என்று பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்தது. எல்லோரும் ஓசியில் இறக்கிக்கொண்டிருந்த காலத்தில், பாடியவருக்கும் இசையமைத்தவருக்கும் நாலு காசு போகட்டும் என்று நினைத்த ஏமாளி நான். (அன்றைக்கு என்னைப் பார்த்துச் சிரித்த நண்பர்களின் ஓசிப் பாட்டெல்லாம் இன்றைக்கும் ஜோராகப் பாடுகிறது.) கடையின் பெயர் வேண்டாம், இப்போது அது இல்லை. மூடுகிறோம், இத்தனை நாள் ஆதரவுக்கு நன்றி என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. நானும் ஐயோ பாவம் என்று நினைத்துக்கொண்டேன். பாட்டுகள் வழக்கம்போலப் பாடிக்கொண்டுதான் இருந்தன.

ஒன்றரை வருஷம் கழித்து என் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் படுத்தது. பேக்கப் இருந்ததால் கவலைப்படாமல் புது கம்ப்யூட்டரில் ஏற்றினேன். பெயர் தெரிகிறது, ஆல்பத்தின் அட்டைப்படம் தெரிகிறது, நாலு நிமிஷம் பன்னிரண்டு வினாடி என்று நீளம்கூடத் தெரிகிறது. பிளே பட்டனை அழுத்தினால் மட்டும், லைசென்ஸ் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று ஒரு சின்ன வட்டம் சுற்றுகிறது, சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. விற்ற பாட்டு ஒவ்வொன்றுக்கும் கடை ஒரு பூட்டுப் போட்டிருந்தது, புது கம்ப்யூட்டரில் அது பாட வேண்டுமானால் கடைதான் சாவி தர வேண்டும். யாரிடம் கேட்கும்? பதில் சொல்ல வேண்டிய சர்வரைத்தான் கடையோடு சேர்த்து மூடிவிட்டார்களே. சரி, பிளேயரிலாவது இருக்குமே என்று அதைச் சொருகினேன். உள்ளே இருப்பதை அழித்துவிட்டு இதில் இருப்பதை ஏற்றட்டுமா என்று கேட்டது. அவசரத்தில் ‘ஆம்’ அழுத்தியது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பாட்டு கேட்கிற ஒரு டப்பா, மனுஷனிடம் கேட்கிற கேள்வியா அது?

இது என் ஒருவன் கதை இல்லை என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. மைக்ரோசாஃப்ட் தன் எம்எஸ்என் மியூசிக் கடையில் விற்ற பாட்டுகளுக்கு, ஆகஸ்ட் 31-க்கு மேல் புது கம்ப்யூட்டர் எதற்கும் சாவி கொடுக்க மாட்டோம் என்று 2008 ஏப்ரலில் அறிவித்தது. வாங்கியவர்கள் போட்ட சத்தத்தில்தான் 2011 கடைசி வரை கெடு நீண்டது. அந்தப் பாட்டுகளுக்கு ‘பிளேஸ்ஃபார்ஷ்யூர்’ என்று முத்திரை வேறு, அதாவது நிச்சயம் பாடும்! அந்த நிச்சயம் எந்த லட்சணத்தில் இருந்தது என்றால், அதே கம்பெனி 2006-ல் கொண்டுவந்த ‘ஜூன்’ (Zune) என்ற பிளேயரிலேயே அவை பாடவில்லை. 2008-லேயே யாஹூவும் செப்டம்பரோடு நிறுத்துகிறோம், வேண்டுமானால் சிடியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்றது. திட்டு விழுந்த பிறகு கூப்பன் கொடுத்தது. சிடியில் எழுதுவது என்ன சாதாரண வேலையா? ஒன்றில் பதினேழு பதினெட்டு பாட்டுதான் கொள்ளும், என் கணக்குக்கு டஜன் சிடி வேண்டும். அதை மறுபடி எம்பி3 ஆக்கினால் சத்தம் ஒரு படி மங்கும், பெயரெல்லாம் போய் டிராக் 01, டிராக் 02 என்று நிற்கும்.

ஆப்பிளின் ஐடியூன்ஸ் கடை மட்டும் என்ன வாழ்ந்தது? 2003-ல் கடை திறந்தபோது பாட்டு 99 சென்ட், பூட்டு இலவசம். 2009-ல் பூட்டைக் கழற்றுகிறோம் என்று பெருமையாக அறிவித்தார்கள். ஏற்கெனவே வாங்கியவன் தன் பாட்டைப் பூட்டில்லாமல் பெற, பாட்டுக்கு இன்னும் 30 சென்ட் கட்ட வேண்டியிருந்தது. வீட்டை விற்றவன் சாவிக்குத் தனியாகக் காசு கேட்ட மாதிரி.

இதற்கெல்லாம் மருந்தாகக் கட்டுரையாளர் சொல்வது ஸ்ட்ரீமிங். மாதாமாதம் கட்டுகிறேன் ஐயா, அதையும் செய்துதான் பார்க்கிறேன். நேற்று வரை இருந்த பாட்டு இன்று சாம்பல் நிறத்தில் கிடக்கிறது, தொட்டால் அசைவதில்லை. ஏன் என்று கேட்டு எழுதினால் ‘உங்கள் அனுபவம் எங்களுக்கு முக்கியம்’ என்று பதில் வருகிறது, கூடவே இந்தப் பதிலுக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று ஒரு கேள்வியும். பாடலாசிரியர் பெயரை அங்கே தேடிக் கண்டுபிடிப்பதற்குள் பாட்டே முடிந்துவிடும்.

இன்னொன்று, ஐபாட்தான் முதல் எம்பி3 பிளேயர் என்று எழுதியிருக்கிறீர்கள். ஐபாட் வந்தது 2001-ல். 1998-லேயே எம்பிமேன் வந்துவிட்டது, அதே வருஷம் ரியோவும். 32 எம்பி நினைவகம், அரை மணி நேரப் பாட்டு, அவ்வளவுதான். ஆனாலும் முதல் முதல்தானே? இதே தவறைப் போன வருஷமும் செய்தீர்கள், அப்போதும் எழுதினேன். பிரசுரிக்கவில்லை. பரவாயில்லை, இடப் பற்றாக்குறை இருந்திருக்கும்.

என் பிளேயர் இப்போது மேஜை இழுப்பறையில் இருக்கிறது. பேட்டரி உப்பி முதுகுத் தகட்டைத் தூக்கிவிட்டது, நகம் நுழைகிற அளவுக்கு இடைவெளி. பேட்டரியை மாற்ற வழியில்லாமல் ஒட்டி மூடியவன் யாரோ, அவனுக்கும் ஒரு கடிதம் எழுத வேண்டும்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. அடுத்த இதழின் ஏதாவது மூலையில் இரண்டு வரி திருத்தம் போடுங்கள்: பூட்டில்லாத கோப்பாக இறக்கி, சொந்தமாக இரண்டு இடத்தில் வைத்திருந்தால்தான் வாங்கிய பாட்டு உங்களுடையது, மற்றதெல்லாம் கடை இருக்கும்வரைதான் என்று.

இப்படிக்கு,
பல வருஷ வாசகன்

பின்குறிப்பு: கடிதத்தை வெட்டுவதாக இருந்தால் பேட்டரிப் புலம்பலை வெட்டிக்கொள்ளுங்கள். 2008 பத்தியில் தயவுசெய்து கை வைக்க வேண்டாம்.