நைனா, அன்றைக்கு நான் பட்டனை அழுத்தினேன்

நைனா,

நாளைக்கு உங்களுக்கு எழுபது. இன்று காலை பரணில் ஏறி, தடை ஓட்டத்துக்குப் போடும் உங்கள் ஸ்பைக்ஸ் ஷூவை எடுத்துவிட்டேன். அதை மேலே போட்டது நான்தான் என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் மூன்று வருடமாக ஒரு வார்த்தை கேட்கவில்லையே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

உங்களுக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது.

கோட்டை மைதானத்தில் அன்றைக்கு விடிவதற்கு முன்பே செங்கல் அடுக்கி, மேலே பிவிசி பைப் வைத்து பத்துத் தடை கட்டி, அம்மாவின் தையல் டேப்பால் ஒவ்வொன்றையும் 84 சென்டிமீட்டருக்கு அளந்தோம். ஒன்பதாவதில் உங்கள் பின்கால் பட்டு பைப் டங்கென்று விழுந்தது. பத்தாவதையும் தாண்டி, சுண்ணாம்புக் கோட்டைக் கடந்த பிறகுதான் கால் மடங்கியது. நான் ஓடி வந்தபோது மணிக்கட்டு ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. உதட்டில் மண். தலையை மட்டும் தூக்கி, "எவ்ளோம்மா?" என்றீர்கள்.

"வாட்ச் பட்டனை அழுத்த மறந்துட்டேன் நைனா" என்றேன்.

பொய். 19.8 விநாடி.

இருபதுக்குள் வந்துவிட்டீர்கள். சொன்னால், கட்டுப் பிரித்த மறுநாளே மைதானத்தில் நிற்பீர்கள் என்று பயந்தேன். பயந்தது தப்பில்லை. மறைத்தது தப்பு.

நீங்கள் சொல்லும் அந்த இங்கிலாந்து தடை ஓட்ட வீரர் ஃபின்லே கதையை அப்புறம் நானே தேடிப் படித்தேன். 1948 லண்டன் ஒலிம்பிக்கில், 39 வயதில், எல்லா வீரர்களுக்கும் சேர்த்து உறுதிமொழி எடுத்தவர். முதல் சுற்றிலேயே கடைசித் தடையில் விழுந்திருக்கிறார். நீங்கள் கையில் கட்டோடு அவர் பேச்சை எடுத்தபோது, "ஒலிம்பிக்காரரே விழுந்தார் இல்ல, போதும்" என்று வாயை அடைத்தேன். அடுத்த வருடம் நாற்பது வயதில் அவர் இங்கிலாந்து சாம்பியன்ஷிப்பை மறுபடி ஜெயித்ததைத்தான் சொல்ல வந்தீர்கள் போல. நான் காபி ஆற்ற எழுந்து போய்விட்டேன்.

ஆனால் நைனா, அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த அந்த வாரம் நீங்கள் போட்டிக்குப் போனீர்கள். அதற்கு மேல் இங்கே எழுத மாட்டேன், அத்தைங்க எல்லாரும் படிப்பாங்க. மெடலைக் கொண்டுவந்து தலைமாட்டில் வைத்தீர்கள். அம்மா சிரித்தாங்க. எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை. ஸ்பைக்ஸைப் பரணில் போட்டதில் அந்தக் கோபமும் இருந்தது. எல்லாமே உங்கள் உடம்புக்காக என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எழுபது வயதுப் பிரிவில் தடை ஓட்டம் 80 மீட்டர்தான். எட்டுத் தடை, உயரம் 76 சென்டிமீட்டர். டேப் அம்மாவின் மிஷின் டிராயரிலேயே இருந்தது. முழங்காலை டாக்டரிடம் காட்டிவிட்டுத்தான் தடை, அதில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அதுவரை சும்மா ஓடுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கே கிளம்பிவிடலாம், நம்ம ஊர் வெயில் ஏழு மணிக்கே அடிக்கத் தொடங்கிவிடும்.

ஓடி முடித்ததும் வாட்சை உங்கள் கையிலேயே கொடுத்துவிடுகிறேன்.