யார் எழுதியது என்று கேட்பதற்கு முன்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடச் சொல். இங்கே எல்லோரும் நலம். சின்னவன் பத்தாம் வகுப்பு, அதனால் வீடே அவன் அட்டவணைப்படிதான் நடக்கிறது. எனக்கு இந்த செமஸ்டரும் முதலாமாண்டு பி.காம் பிள்ளைகளுக்குப் பகுதி இரண்டு ஆங்கிலம்தான்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். செயற்கை நுண்ணறிவு (ஏஐ) எழுதியதைக் கண்டுபிடிக்கும் மென்பொருளை உங்கள் துறையில் வாங்கப் போகிறார்கள், அது காட்டும் சதவீதத்தை வைத்து இன்டர்னல் மார்க்கைக் குறைக்கலாம் என்று பேச்சு அடிபடுகிறது என்று எழுதியிருந்தாய். முடிந்த மட்டும் தடுத்துவிடு.

ஆய்வேடுகளில் எழுத்துத் திருட்டைத் தடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018இல் கொண்டுவந்த விதி நமக்குப் பழகிப்போனது. ஏற்கெனவே வெளிவந்த எழுத்தோடு 10 சதவீதம் வரை ஒத்திருந்தால் தண்டனை இல்லை, அதற்கு மேல் போகப் போகக் கடுமை கூடும். அந்த எண்ணுக்குப் பின்னால் சான்று இருக்கிறது. எந்த வரி எங்கிருந்து வந்தது என்று மூலத்தைப் பக்கத்தில் வைத்துக் காட்டலாம். ஏஐ விஷயத்தில் அப்படிக் காட்ட ஒன்றும் கிடையாது. சாட்ஜிபிடி ஒவ்வொரு முறையும் வாக்கியத்தைப் புதிதாக அமைக்கிறது. ஆகவே அடுத்து வரும் சொல்லை எவ்வளவு சுலபமாக ஊகிக்க முடிகிறது என்று பல கருவிகள் அளக்கின்றன. சுலபமாக ஊகிக்க முடிந்தால் இயந்திரம் எழுதியது என்று முடிவு.

இதில் அடிபடுவது யார் என்று யோசித்துப் பார். தமிழ்வழியில் பன்னிரண்டு வரை படித்துவிட்டு வந்த பிள்ளை, தெரிந்த சில நூறு ஆங்கிலச் சொற்களை வைத்துத்தான் எழுதும். அந்தச் சொற்கள் ஊகிக்கக் கூடியவையாகத்தான் இருக்கும். ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023இல் இதைச் சோதித்தார்கள். ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபெல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கருவிகளிடம் கொடுத்தார்கள். சராசரியாக 61 சதவீதம் இயந்திரம் எழுதியதாகத் தவறாகக் குறிக்கப்பட்டன. அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளின் கட்டுரைகளில் இப்படிப்பட்ட பிழை மிக அரிது. அதே டோஃபெல் கட்டுரைகளின் சொற்களைச் சாட்ஜிபிடியிடம் கொடுத்து மெருகேற்றியதும் பழி பெருமளவு குறைந்துவிட்டது. சொந்தமாக எழுதினால் மாட்டுவான், ஏஐயிடம் கொடுத்துத் திருத்தினால் தப்பிப்பான். இதை வைத்து எப்படி மார்க் போடுவது, சொல்!

சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் இப்படி ஒரு கருவியை வெளியிட்டது. இயந்திரம் எழுதியதில் 26 சதவீதத்தைத்தான் அது சரியாகப் பிடித்தது. துல்லியம் போதவில்லை என்று ஜூலையிலேயே எடுத்துவிட்டார்கள். அமெரிக்காவில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் டர்னிட்டின் என்ற எழுத்துத் திருட்டைச் சோதிக்கும் மென்பொருள் தரும் ஏஐ கண்டுபிடிப்பு வசதியை அதே ஆண்டு ஆகஸ்டில் நிறுத்திவைத்தது. துறைக் கூட்டத்தில் இந்த இரண்டையும் தேதியோடு சொல்.

அப்புறம் என்னதான் செய்வது என்று கேட்பாய். பிள்ளைகள் ஏன் ஏஐயிடம் போகிறார்கள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன். சோம்பல் ஒரு பங்குதான். பெரிய பங்கு பயம். பிழையில்லாத ஆங்கிலத்துக்குத்தான் மார்க் என்று பன்னிரண்டு வருடம் கேட்டு வளர்ந்தவர்கள். பிழையில்லாத ஆங்கிலம் கைப்பேசியில் இலவசமாகக் கிடைக்கும்போது எடுக்காமல் இருப்பார்களா? அதனால் முதல் வரைவில் நான் இலக்கணத்துக்கு மார்க் குறைப்பதில்லை. வகுப்பிலேயே, கையால், அரைப்பக்கம். எப்படி வேண்டுமானாலும் எழுதலாம், ஆங்கிலச் சொல் வராத இடத்தில் தமிழிலேயே போட்டுவிடலாம். அதைப் படித்து ஓரத்தில் நான் கேள்வி மட்டும் எழுதுவேன்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளில் பலருடைய வீட்டில் பீடி சுற்றுவார்கள், உனக்குத் தெரியும். வீட்டு வேலை ஒன்றைப் பற்றி எழுதச் சொன்னேன். ஒரு பெண், என் அம்மா கடின உழைப்பாளி என்று தொடங்கி, எந்த அம்மாவுக்கும் பொருந்தும் ஐந்து வரி எழுதியிருந்தாள். இலை பதமாக இருக்கிறது என்று அம்மாவுக்கு எப்படித் தெரியும் என்று ஓரத்தில் எழுதிக் கொடுத்தேன். அவளுக்குத் தெரியவில்லை. வீட்டில் போய்க் கேட்டிருக்கிறாள். இரண்டாவது வரைவில் நனைத்த இலையை ஈரச் சாக்கில் பொதிந்து வைப்பது, மடக்கிப் பார்த்து நொறுங்குகிறதா என்று சோதிப்பது, அளவுத் தகட்டை வைத்துக் கத்தரிப்பது எல்லாம் வந்துவிட்டன. கடையில் கழித்துப் போடும் பீடிகளுக்குக் கூலி கிடையாது என்ற கோபமும் வந்துவிட்டது. ஆங்கிலம் தடுமாறியது. ஆனால் அந்தக் கோபத்துக்குச் சரியான சொல் எது என்று கேட்டுக்கொண்டு அவளே என் மேஜைக்கு வந்து நின்றாள். எழுதச் சொல்லிக் கொடுப்பது என்றால் எனக்கு அதுதான். எந்தச் சதவீதமும் அந்த இடத்துக்கு யாரையும் கூட்டிக்கொண்டு வராது.

இப்படிக் கொடுத்தால் ஏஐ நுழையாது என்று நான் சொல்லவில்லை. பீடியைப் பற்றியும் அது சரளமாக எழுதித் தரும். அதனால் இறுதி வரைவோடு முந்தைய வரைவுகளையும் சேர்த்து வாங்குகிறேன், ஏஐயிடம் எதற்கு உதவி கேட்டார்கள் என்று நாலு வரி எழுதித் தரச் சொல்கிறேன். இலக்கணம் திருத்தினேன் என்று எழுதினால் தண்டனை இல்லை, திருத்தியதில் எதை ஏற்றாய், எதை விட்டாய் என்று மட்டும் கேட்பேன். ஒரு வகுப்பில் அவரவர் ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவைப் பற்றி ஏஐயையே எழுதச் சொல்லி, தப்பான இடத்தில் கோடு போடச் சொன்னேன். “எங்க ஊர்ல தேரே கிடையாது மேம்” என்று ஒருவன் எழுந்து நின்றபோது வகுப்பு முழுவதும் விழித்துக்கொண்டது.

எல்லாவற்றையும் தேர்வறைக்குள் கொண்டுபோய் எழுத வைத்துவிடலாம் என்று உங்கள் மூத்த பேராசிரியர் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு மணி நேரத்தில் யாரும் எழுதியதை அடித்துத் திருத்தி மறுபடி எழுத மாட்டார்கள். மெதுவாக யோசிக்கிற பிள்ளைதான் அங்கே தோற்கும்.

வேலைப்பளு கூடுகிறது, மறைக்க மாட்டேன். அறுபது பேரின் வரைவை இரண்டு முறை படிப்பது மலைப்பாகத்தான் இருக்கிறது. அதனால் அசைன்மென்ட்டின் எண்ணிக்கையைக் குறைத்துவிட்டேன். மூன்று கேட்ட இடத்தில் ஒன்று. அதற்குத் துறைத்தலைவரிடம் சண்டை போட வேண்டியிருந்தது. நீயும் போட வேண்டியிருக்கும்.

கூட்டம் வியாழக்கிழமை என்றாய். வாங்கித்தான் தீருவோம் என்று நின்றார்களானால், அந்த எண்ணை மட்டும் வைத்து எந்த மாணவரின் மார்க்கையும் குறைக்கக் கூடாது, அவரைக் கூப்பிட்டு அவர் வரைவுகளைப் பார்த்துப் பேசிய பிறகே முடிவு எடுக்க வேண்டும் என்று தீர்மானத்தில் எழுத வை. வாய்ப்பேச்சாக விட்டுவிடாதே. என்ன ஆயிற்று என்று அன்றைக்கே போன் பண்ணு.

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

அன்புடன்,
உன் விடுதித் தோழி