கருவி வைத்தாச்சு, இனி மாத்திரை வேண்டாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

வலிப்பு நோய்க்கு உடம்புக்குள் கருவி பொருத்துவது பற்றி உங்கள் நாளிதழில் செய்தி வந்த அன்றே மூன்று பேர் எனக்குப் போன் செய்தார்கள். என் தம்பிக்கு அந்தக் கருவி இருப்பது அவர்களுக்குத் தெரியும். மூவரும் கேட்டது ஒரே கேள்விதான்: "அதை வைத்துவிட்டால் மாத்திரையே வேண்டாமாமே, அப்படியா?" செய்தியில் அப்படி எழுதியிருக்கவில்லைதான். ஆனால் தலைப்பைப் பார்க்கிறவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். அதனால்தான் இந்தக் கடிதம்.

தம்பிக்குக் கருவி பொருத்தி நான்கு வருடம் ஆகிறது. இன்றைக்கும் காலையிலும் இரவிலும் மாத்திரை உண்டு. மாதம் பத்துப் பன்னிரண்டு தடவை வந்துகொண்டிருந்த வலிப்பு இப்போது மூன்று, நான்கு தடவை வருகிறது. எங்களுக்கு இதுவே பெரிய விஷயம். ஆனால் முதல் ஆறு மாதம் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை, ஏமாந்துவிட்டோமோ என்றுகூட நினைத்தேன். கருவி நரம்புக்குக் கொடுக்கும் மின்தூண்டலின் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்றுவார்கள், பலன் தெரிய மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் ஆகும் என்பதையெல்லாம் பொருத்திய பிறகுதான் தெரிந்துகொண்டோம்.

அவனுக்கு வைத்திருப்பது, மூளையிலிருந்து கழுத்து வழியாக நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இறங்கும் வேகஸ் என்ற நரம்பைத் தூண்டும் கருவி. இதயத்துக்கு வைக்கும் பேஸ்மேக்கர் மாதிரி ஒரு சின்னப் பெட்டி இடது மார்பில் தோலுக்கு அடியில் இருக்கும், அதிலிருந்து ஒரு கம்பி கழுத்துக்குப் போய் இடது வேகஸ் நரம்பைச் சுற்றிக்கொள்ளும். வலது நரம்புக்கு இதயத் துடிப்பைத் தொடங்கிவைக்கும் இடத்தோடு தொடர்பு அதிகம் என்பதால் இடதையே தேர்ந்தெடுக்கிறார்கள். மூளையைத் திறக்கும் வேலையே இல்லை. வழக்கமாக 30 விநாடி தூண்டும், 5 நிமிடம் சும்மா இருக்கும், இப்படியே இரவு பகலாக ஓடும். வலிப்பு வரப்போவது தெரிந்தால் ஒரு காந்தத்தை மார்பின் மேல் தேய்த்தால் கூடுதலாக ஒரு தூண்டல் கிடைக்கும். சில வருடங்களுக்கு ஒருமுறை பேட்டரி தீரும்போது பெட்டியை மாற்ற இன்னொரு சின்ன அறுவை சிகிச்சை உண்டு, அதையும் யாரும் முதலில் பேசுவதில்லை.

அப்புறம் குரல். தூண்டல் ஓடும் அந்த 30 விநாடியும் குரல் கம்மிவிடும், சிலருக்கு இருமலும் வரும். என் தம்பி பள்ளிக்கூட வாத்தியார். பாடம் நடத்தும்போது ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தொண்டை அடைத்தமாதிரி ஆகும், பிள்ளைகள் அதையே செய்துகாட்டிச் சிரிப்பார்கள் என்று அவனே சிரித்துக்கொண்டு சொல்வான். காந்தத்தைப் பெட்டிக்கு நேராக அப்படியே பிடித்துக்கொண்டிருந்தால் அதுவரை தூண்டல் நிற்கும் என்பதால் ஆண்டு விழா மேடையில் நெஞ்சில் கைவைத்தபடி பேசினான். உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று நினைத்து எல்லோரும் கைதட்டினார்கள்.

இந்தக் கருவிக்கு அமெரிக்காவில் 1997இல் அனுமதி கிடைத்தது. மூளைக்குள்ளேயே வைக்கும் கருவிகள் பிறகு வந்தவை. ஒன்று மண்டையோட்டில் பதித்து வைப்பது. வலிப்பு கிளம்பும் இடத்தின் மின் அலைகளை எந்நேரமும் கவனித்து, கோளாறு தொடங்கும்போதே அந்த இடத்தில் தூண்டும். இதற்கு 2013இல் அங்கே அனுமதி. இன்னொன்று மூளையின் ஆழத்தில் தலாமஸ் என்ற பகுதியைத் தூண்டுவது, அதற்கு 2018இல். அதன் பெரிய ஆய்வில் 110 பேர் கலந்துகொண்டார்கள், இரண்டு வருட முடிவில் வலிப்பு குறைந்த அளவு, நடுவில் இருக்கும் நோயாளியை வைத்துப் பார்த்தால், 56 சதவீதம். மனச்சோர்வும் ஞாபகக் குறைவும் சிலருக்கு வந்ததும் அதே ஆய்வில் உண்டு. எந்தக் கருவியானாலும் குறைவதுதான் பெரும்பாலும் நடப்பது, முழுதாக நிற்பது சிலருக்கு மட்டுமே.

எனக்கு உண்மையான ஆதங்கம் வேறு. ஒன்பது வருடம் தம்பிக்கு மாத்திரை மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள், ஏழாவது மாத்திரை வரைக்கும் போனோம், அதுவரை ஒருவர்கூட "இது மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு" என்று சொல்லவில்லை. சரியாகத் தேர்ந்தெடுத்த இரண்டு மருந்துகளை ஒழுங்காகச் சாப்பிட்டும் வலிப்பு நிற்கவில்லை என்றாலே அந்தப் பெயர் சொல்லலாம் என்று உலக அளவிலான வலிப்பு மருத்துவர் அமைப்பு 2010இலேயே வரையறுத்துவிட்டது. காரணம் இருக்கிறது. 2000இல் வந்த ஓர் ஆய்வில் புதிதாகச் சிகிச்சைக்கு வந்த 470 பேரில் 47 சதவீதம் பேருக்கு முதல் மருந்திலேயே வலிப்பு நின்றது, இரண்டாவது அல்லது மூன்றாவது மருந்தில் நின்றது இன்னும் 14 சதவீதம் பேருக்குத்தான். அதற்குமேல் மருந்தை மட்டுமே மாற்றிக்கொண்டிருப்பதில் நம்பிக்கை மெலிந்துகொண்டே போகிறது.

அந்த நிலையில் முதலில் கேட்க வேண்டியதும் கருவியை அல்ல. வலிப்பு மூளையில் ஒரே இடத்திலிருந்து கிளம்புகிறதா, அதை வெட்டி எடுக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். அதற்காக மருத்துவமனையில் சில நாள் தங்கி வீடியோவோடு சேர்த்து இ.இ.ஜி. (மூளையின் மின் அலைகளின் பதிவு), எம்.ஆர்.ஐ. எல்லாம் எடுப்பார்கள். காதை ஒட்டிய நெற்றிப்பொட்டுக்கு உள்பக்கம் இருக்கும் மூளைப் பகுதியிலிருந்து வலிப்பு வரும் 80 பேரை வைத்து நடந்து 2001இல் வெளியான ஆய்வில், அறுவை சிகிச்சைக் குழுவில் சேர்க்கப்பட்டவர்களில் 58 சதவீதம் பேருக்கு ஒரு வருட முடிவில் நினைவு தப்பும் வலிப்பு இல்லை, மருந்தோடு மட்டும் இருந்தவர்களில் அது 8 சதவீதம். எந்தக் கருவியும் இதற்குப் பக்கத்தில் வராது. தம்பிக்கு வலிப்பு பல இடங்களிலிருந்து கிளம்புகிறது, வெட்ட வழியில்லை, அதனால்தான் கருவிக்கு வந்தோம். இந்தப் பரிசோதனையை மூன்றாவது வருடமே செய்திருந்தால் ஆறு வருடம் மிச்சமாகியிருக்கும்.

அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது, கருவியின் படத்துக்குப் பக்கத்தில் இந்தப் பரிசோதனையைப் பற்றியும் ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள். எனக்குப் போன் செய்த மூன்று பேரில் இரண்டு பேர் வீட்டில் இன்னும் அது நடக்கவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்