வெடிக்காத தொடக்கத் துவக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

போன கிழமை எங்கள் பகுதிப் பாடசாலையொன்றின் மெய்வல்லுநர் போட்டியில் 100 மீற்றர் இறுதியோட்டம் மூன்று தரம் குழம்பியது. துவக்கு 'டிக்' என்றதோடு நின்றுவிட, பாதிப் பிள்ளைகள் ஓடிவிட்டார்கள், ஒரு பிள்ளை அழுதே விட்டாள்.

எல்லோரும் தோட்டாவைத்தான் குறை சொன்னார்கள். ஆனால் 0.22 அங்குலத் தோட்டா போடும் இந்தத் தொடக்க ரிவோல்வரில் பற்றவைக்கும் மருந்து தோட்டாவின் அடி விளிம்புக்குள் இருக்கிறது, துவக்கின் ஊசி அடித்து அந்த விளிம்பு நசுங்கினால்தான் வெடிக்கும். தோட்டா இருக்கும் அறைக்குள் வெடிமருந்துக் கரி படிந்திருந்தால் தோட்டா முழுதாக இறங்காது, ஊசி அடிக்கும் வேகம் அதை உள்ளே தள்ளுவதிலேயே போய்விடும். இரண்டாம் அடிக்கு வெடித்தால் அநேகமாகக் கரிதான் காரணம்.

போட்டி முடிந்த அன்றே தோட்டாக்களை எடுத்துவிட்டு, ஒவ்வோர் அறையையும் பித்தளைத் தூரிகையால் தேய்த்துத் துடையுங்கள். எண்ணெய் ஒரு துளி போதும், கூடினால் அது மருந்துக்குள் ஊறிவிடும். வெறும் அறையில் விசையை இழுத்துப் பார்க்காதீர்கள், ஊசி அறையின் விளிம்பைப் பள்ளமாக்கிவிடும். வெடிக்காவிட்டால், தயவுசெய்து, உடனே திறக்காமல் நிலத்தைப் பார்த்து அரை நிமிடம் பிடியுங்கள், பக்கத்தில் பிள்ளைகள் நிற்கிறார்கள்.

அடுத்த போட்டிக் காலத்துக்கு முன் வலயக் கல்விப் பணிமனைகள் எல்லாப் பாடசாலைத் துவக்குகளையும் ஒருதரம் சோதித்துத் தர வேண்டும்.

ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
கோண்டாவில்