பதில் எல்லாம் ஓரத்துல போய் ஒட்டிக்குது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். எங்க அப்பார்ட்மென்ட் ஆப்ல தண்ணி லாரி பத்திப் பேச்சு ஓடுச்சு, ஒவ்வொரு பதிலும் முந்தினதுக்குக் கீழ கொஞ்சம் வலது பக்கம் தள்ளித் தள்ளி வருது, ஏழாவது பதில்ல "கொடுத்திருக்காங்களாம்"ங்கற ஒரே வார்த்தை மூணு வரியா உடைஞ்சு நிக்குது, அம்மாவால படிக்கவே முடியல. தமிழ் வார்த்தை நீளம்ங்க, இங்கிலீஷை மனசுல வச்சு டிசைன் பண்ணா இப்படித்தான் ஆகும். 2005ல ஆரம்பிச்ச ரெடிட்ங்கற விவாதத் தளத்துல வேண்டாத பதில் கிளையைத் தட்டினா மடங்கிக்கும், அந்த வசதியாவது இருக்கணும். மூணு படிக்கு மேல தள்ளவே வேண்டாம், யாருக்குப் பதில்னு பேரைப் போட்டு நேரா விடுங்க, ஓரத்துல மெல்லிசா ஒரு கோடு போதும். லாரி எப்ப வரும்னு அம்மா கடைசியில வாட்ச்மேன்கிட்ட இறங்கிப் போய்த்தான் கேட்டாங்க.

வாசகர், அல்சூர், பெங்களூரு