உள்ளக வடிவமைப்பைக் கிழக்கிலேயே கற்பிக்க வழி செய்ய வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பிலும் அம்பாறையின் கரையோர ஊர்களிலும் தமிழர், முஸ்லிம்கள் என்ற வேறுபாடின்றிப் பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்துக் கலியாணம் செய்து வைக்கும் வழக்கம் இன்றும் நீடிக்கிறது. அந்த வழக்கம் சரியா, பிழையா என்பது வேறு விவாதம். ஆனால் ஒரு குடும்பம் தன் வாழ்நாள் உழைப்பின் பெரும்பங்கைக் கொட்டிக் கட்டும் அந்த வீட்டுக்குள் எந்த அறை எங்கே அமைய வேண்டும், குசினிக்குள் காற்று எந்தப் பக்கத்தால் வந்து எந்தப் பக்கத்தால் போக வேண்டும், வயதான தாய் இரவில் எழுந்து கழிப்பறைக்குப் போக எத்தனை படி இறங்க வேண்டும் என்பவற்றையெல்லாம் யோசித்துச் சொல்வதற்கு முறையாகப் படித்த ஒருவர் நமது ஊர்களில் அரிதாகவே கிடைக்கிறார். மேசன் தாம் முன்பு கட்டிய வீட்டின் அளவையே இங்கும் போடுகிறார். கட்டில் எங்கே, அலுமாரி எங்கே என்பதை வீட்டுக்காரர் குடிபுகுந்த பிறகுதான் யோசிக்கிறார். இதற்காக மேசனைக் குறை சொல்ல முடியாது. அவருக்கு வேறொன்றை வரைந்து கொடுக்க ஆள் இல்லை.

இந்தக் குறையைத் தீர்க்கக்கூடிய உள்ளக வடிவமைப்புக் கல்வியைக் கிழக்கிலுள்ள பல்கலைக்கழகங்கள் தொடங்க வேண்டும் என்றும், அது விரிவுரை மண்டபத்தில் குறிப்பெழுதும் பாடமாக இராமல், நமது ஊரிலுள்ள உண்மையான ஓர் இடத்தை எடுத்து மாணவர் செய்து முடிக்கும் ஸ்டூடியோ செயற்றிட்டமாக அமைய வேண்டும் என்றும் கேட்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

அத்தகைய செயற்றிட்டம் ஒன்றை அருகிலிருந்து பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. வெளிமாகாணப் பல்கலைக்கழகம் ஒன்றில் வடிவமைப்புப் படிக்கும் என் சகோதரியின் மகள், களுவாஞ்சிகுடிப் பக்கத்திலுள்ள எங்கள் சனசமூக நிலைய வாசிகசாலையைத் தன் செயற்றிட்டத்துக்கான இடமாகத் தெரிவு செய்தாள். நான் அதன் நிர்வாகக் குழுவில் இருப்பதால் அவள் கேட்ட விபரங்களைக் கொடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. அளவுநாடாவைக் கையில் எடுப்பதற்கு முன்பு அவள் பல பொழுதுகள் அங்கே சும்மா உட்கார்ந்திருந்தாள். அது கச்சான் காற்று அடிக்கும் காலம். மத்திய மலைகளைத் தாண்டி இறங்கி வரும் அந்த வரண்ட மேல்காற்றின் சூட்டை மட்டக்களப்பில் வாழ்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மேற்கு யன்னல்களைத் திறந்தால் பத்திரிகை பறக்கிறது. பூட்டினால் உள்ளே இருக்க முடியவில்லை. வாசகர்கள் பக்கத்தின் மூலையில் கல்லை வைத்துக்கொண்டு படிக்கிறார்கள். இதையெல்லாம் அவள் நேரத்தோடு குறித்தாள். பெண்கள் வாசலில் நின்று சஞ்சிகையை மாற்றிக்கொண்டு போகிறார்களே தவிர உள்ளே உட்காருவதில்லை என்பதையும் குறித்து, அவர்களிடமே காரணம் கேட்டாள். இருந்த ஒரே வாங்கு ஆண்கள் பத்திரிகை பார்க்கும் மேசைக்கு நேரெதிரே, தெருவைப் பார்த்தபடி கிடந்ததுதான் காரணம். சுவர் நிறமும் திரைச்சீலையும்தான் உள்ளக வடிவமைப்பு என்று நினைப்பவர்கள் இந்த ஒரு வாங்கின் கதையைச் சற்று யோசித்துப் பார்க்க வேண்டும்.

பின்னர் மட்டையில் 1:20 அளவில், அதாவது உண்மை அளவின் இருபதில் ஒரு பங்காக, வாசிகசாலையை மொடலாகச் செய்தாள். கூரையைத் தனியே கழற்றக்கூடியதாக இருந்தது. விரிவுரையாளர்கள் மாணவரின் வேலையைப் பார்த்துக் கேள்வி கேட்கும் மீளாய்வு நாளில் பின்வரிசையில் இருந்து பார்க்க எனக்கும் அனுமதி கிடைத்தது. வரைபடங்கள் சுவரில் குத்தப்பட்டிருந்தன. ஒரு விரிவுரையாளர் மொடலின் கூரையைக் கழற்றி வைத்துவிட்டு, ஏழரைச் சென்ரிமீற்றர் விட்டமுள்ள மட்டை வட்டம் ஒன்றை உள்ளே வைத்து விரலால் தள்ளினார். சக்கர நாற்காலி ஒன்று முழுமையாகத் திரும்புவதற்கு வேண்டிய 1,500 மில்லிமீற்றர் இடம் அந்த அளவுத்திட்டத்தில் அவ்வளவுதான் வரும். வட்டம் பத்திரிகை மேசையைத் தாண்டிப் போய், புத்தக இறாக்கைகளுக்கு நடுவே சிக்கி நின்றது. பிழை என்று அவர் சொல்லவில்லை. “இவர் இந்தப் புத்தகத்தை எப்படி எடுப்பார்?” என்று மட்டுமே கேட்டார். அவள் வரைபடத்தின் மேல் மெல்லிய தாளை விரித்து, நடுவில் நின்ற இறாக்கைகளைச் சுவரோரம் தள்ளி வரைந்தாள். அப்படித் தள்ளினால் கிழக்கு யன்னல் மறைந்து கடற்காற்று தடைப்படும் என்று இன்னொருவர் சுட்டிக்காட்ட, இறாக்கையின் உயரத்தை யன்னலின் அடிக்கட்டுக்குக் கீழே இறக்கினாள். உயரம் குறைந்ததால் சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும் சிறுவர்களுக்கும் மேல்தட்டு எட்டக்கூடியதாயிற்று. ஒரு கேள்வி மூன்று தீர்மானங்களை மாற்றியதை நான் கண்ணால் கண்டேன்.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டமாக நமது நாட்டில் இருக்கிறது. பொதுக் கட்டடங்களுக்குள் அவர்கள் தடையின்றிச் செல்வதற்கான ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. இவற்றை மனனம் செய்து பரீட்சையில் எழுதிப் புள்ளி வாங்க எவராலும் முடியும். சிக்கி நின்ற அந்த மட்டை வட்டத்தைக் கண்ட மாணவி இனி எந்த இடத்தை வரைந்தாலும் முதலில் அந்த வட்டத்தைத்தான் வரைவாள். அமெரிக்கக் கல்வியாளர் டொனால்ட் ஷோன் 1980களில் கட்டடக்கலை ஸ்டூடியோக்களில் நடப்பதைக் கூர்ந்து ஆராய்ந்து, வரைந்துகொண்டே பேசுவதும் பேசிக்கொண்டே வரைவதும்தான் அங்கே நடக்கும் கற்றல் என்று விளக்கினார். அதன் பொருள் எனக்கு அன்று நன்றாகவே விளங்கியது.

கற்றல் பல்கலைக்கழகத்துக்குள் மட்டும் நடக்கவும் இல்லை. மருமகள் தன் வரைபடத்தோடு எங்களூர் மரவேலை செய்யும் ஓடாவியார் ஒருவரிடம் போனாள். முக்கால் அங்குலப் பலகையில், நாலரை அடி நீளத்துக்கு இடையில் தாங்கலே இல்லாமல் இறாக்கை வரைந்திருந்தாள். புத்தகம் நிறைந்த வரிசை மீற்றருக்கு 30 கிலோகிராம் அளவில் பாரம் கொள்ளும். ஓடாவியார் கணக்கெதுவும் சொல்லவில்லை. பட்டறை மூலையில் கிடந்த பழைய இறாக்கைப் பலகையொன்றை எடுத்துக் கண்மட்டத்தில் பிடித்து, “இதுக்குள்ளால பாருங்க மகள்” என்றார். பலகை நடுவில் வளைந்திருந்தது. அடுத்த வரைபடத்தில் இரண்டரை அடிக்கு ஒரு தாங்கல் வந்தது. பத்திரிகை பறக்காமல் குறுக்கே ஒரு மரச்சட்டம் பிடித்திருக்கும் சாய்மேசையையும் இருவரும் சேர்ந்தே தீர்மானித்தார்கள்.

இப்படிக் கைவினையாளரை ஆசிரியராக ஏற்பது புதுமையல்ல. 1919இல் ஜேர்மனியின் வைமார் நகரில் வோல்ட்டர் குரோப்பியஸ் தொடங்கிய பௌஹவுஸ் என்ற வடிவமைப்புக் கல்லூரியின் ஆரம்ப ஆண்டுகளில், பட்டறைகளில் வடிவத்தைக் கற்பிக்கும் கலைஞர் ஒருவரும் தொழிலைக் கற்பிக்கும் கைவினையாளர் ஒருவரும் இணைந்தே பொறுப்பு வகித்தார்கள். நமது நாட்டில், 1948இல் பிரித்தானியக் கட்டடக் கலைஞர்களின் வேத்தியல் நிறுவகத்தில் இணை உறுப்பினரான முதல் ஆசியப் பெண்மணி மினெட் டி சில்வா, கண்டியில் தாம் அமைத்த வீடுகளின் உட்புறத்தில் தும்பறைப் பாய் நெசவு போன்ற உள்ளூர்க் கைவேலைகளுக்கு இடம் கொடுத்தார். நமக்கு மருதமுனைக் கைத்தறி இருக்கிறது. நமது பெண்கள் இழைக்கும் பன்பாய் இருக்கிறது. அதை மறைப்புத் தட்டியாகவோ கூரையின் உள்தட்டாகவோ பயன்படுத்தினால் எத்தனை மாரிக்குத் தாங்கும், வாவியோர ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்குமா, எதைப் பூசினால் பிடிக்காது என்பதை ஒரு மாணவர் ஒரு பருவம் முழுவதும் சோதித்துப் பார்த்தால், அந்தப் பெண்களுக்குப் புதிய சந்தையொன்று திறக்கக்கூடும். கண்காட்சியில் தொங்கவிட்டுப் பாராட்டுவதால் அது நடக்காது.

மீளாய்வில் எனக்கு ஒரு மனக்குறையும் இருந்தது. வயல்வெளி தெரியும் மேற்குப் பக்கத்தை ஏன் தடுப்புச் சட்டங்களால் மறைத்தாய் என்று அவளைக் கேட்டார்கள். நல்ல கேள்விதான், ஆனால் கச்சானைப் பற்றி விளக்குவதிலேயே அவளுக்குக் கொடுக்கப்பட்ட நேரத்தின் பெரும்பகுதி போய்விட்டது. அந்த மீளாய்வு நமது பல்கலைக்கழகங்கள் இயங்கும் கல்லடியிலோ ஒலுவிலிலோ தமிழில் நடந்திருந்தால் அதை விளக்க வேண்டியே இருந்திராது. அந்த வாங்கைப் பற்றிச் சொன்ன பெண்களும் வந்திருந்து தங்கள் கருத்தைக் கூறியிருப்பார்கள்.

இன்றைய நிலையில் கிழக்குப் பிள்ளைகளுக்கு இத்துறையில் நுழையும் வழி மிகக் குறுகியது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை, வடிவமைப்புக் கற்கைநெறிகளுக்கு உயர்தரப் பெறுபேற்றோடு உளச்சார்புப் பரீட்சையிலும் சித்தியடைய வேண்டும். அதற்குப் பிள்ளைகளை ஆயத்தப்படுத்த நமது பாடசாலைகளில் ஆள் இல்லை. எஞ்சியிருப்பவை கணினியில் முப்பரிமாணப் படம் வரையக் கற்றுத்தரும் குறுகிய காலத் தனியார் வகுப்புகள். கணினி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அளவெடுக்காமல், ஆட்களோடு பேசாமல் வரைந்த பளபளப்பான படத்தைக் கொண்டுவந்து, தாழ்ந்த கூரையுள்ள வீட்டுக்குள் ஜிப்சம் சீலிங் அடித்து இருக்கிற காற்றையும் தடுத்துவிடுவதைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை. கடன் பட்டுக் கட்டியவரின் காசு அது.

ஸ்டூடியோவுக்கு எடுத்துக்கொள்ள நம்மிடம் விடயத்துக்குப் பஞ்சமில்லை. 2004 டிசெம்பர் 26 சுனாமிக்குப் பின்னர் மீளக்குடியமர்த்தப்பட்டவர்களின் வீடுகளுக்கு வகுக்கப்பட்ட குறைந்தபட்சத் தரை அளவு 500 சதுர அடி. திராய்மடு போன்ற இடங்களில் அந்த வீடுகளில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இன்று பிள்ளைகள் இருக்கிறார்கள். இடம் போதாமல் பின்பக்கம் தகரப் பத்தி இறக்கிச் சமைக்கிறார்கள். பத்தி இறக்கிய இடத்தில் யன்னல் அடைபட்டு, உள்ளறையில் பகலிலும் விளக்கு எரிகிறது. ஒரு மாணவர் குழு இத்தகைய வீடுகள் சிலவற்றை முறையாக அளந்து, யன்னலை அடைக்காமல் பத்தியை எப்படி இறக்கலாம், கட்டிலுக்கும் பிள்ளை படிக்கும் மேசைக்கும் ஒரே அறையில் எப்படி இடம் காணலாம் என்று வரைந்து, மேசன்மாருக்கு விளங்கும் தமிழில் ஒரு தாளில் அச்சிட்டுக் கொடுத்தால் அதன் பயன் எத்தனையோ வீடுகளுக்குப் போய்ச் சேரும். உள்ளக வடிவமைப்பு பணக்காரர்களுக்கான விடயம் என்போருக்கு இதற்குமேல் நான் பதில் சொல்ல வேண்டியதில்லை.

புதிய பட்டப்படிப்பை உடனே தொடங்குங்கள் என்று நான் கேட்கவில்லை. அதற்கு அனுமதி, ஆளணி என்று ஆண்டுகள் ஆகும் என்பதை அறிவேன். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் கல்லடியில் கட்புலக் கலையைக் கற்பிக்கிறது. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குப் பொறியியல் பீடம் இருக்கிறது. வரையத் தெரிந்தவர்கள் ஓரிடத்திலும் பாரமும் காற்றும் கணக்கிடத் தெரிந்தவர்கள் இன்னோரிடத்திலுமாக இருக்கிறார்கள். இரு நிறுவனங்களும் சேர்ந்து ஒரு பருவத்துக்கு ஒரு கூட்டு ஸ்டூடியோவை நடத்திப் பார்க்கலாம். மாணவர் தம் வரைபடத்தையும் மொடலையும் அப்படியே விட்டுவிட்டு மறுநாள் வந்து தொடரக்கூடிய, ஆளுக்கொரு மேசையுள்ள அறை முதலில் வேண்டும்; வகுப்பு முடிந்ததும் எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டு போகும் இடத்தில் ஸ்டூடியோ நடக்காது. ஓர் ஆசிரியருக்குப் பன்னிரண்டு, பதினைந்து மாணவருக்கு மேல் கொடுக்கக் கூடாது. ஓடாவிமாரையும் நெசவாளர்களையும் வருகைதரு போதனாசிரியர்களாக அழைத்து, அதற்குரிய கொடுப்பனவையும் கொடுக்க வேண்டும். இறுதி மீளாய்வை அந்தந்த ஊரிலேயே, அந்த இடத்தைப் பயன்படுத்துபவர்கள் முன்னிலையில் நடத்த வேண்டும்.

எங்கள் நிர்வாகக் குழுவில் இதைப் பற்றிப் பேசியிருக்கிறோம். முதலாவது கூட்டு ஸ்டூடியோவுக்கு இடம் தேவைப்பட்டால் வாசிகசாலையை அளக்கவும், பழைய வரைபடங்களைப் பார்க்கவும், மீளாய்வை அங்கேயே நடத்தவும் கொடுக்க ஆயத்தமாக இருக்கிறோம். மருமகளின் வடிவமைப்பில் சாய்மேசையையும் வாங்கின் இடமாற்றத்தையும் மட்டுமே எங்களால் இதுவரை நிறைவேற்ற முடிந்தது. இறாக்கைகளும் மேற்குப் பக்கத் தடுப்புச் சட்டங்களும் பணமில்லாமல் நிற்கின்றன. அவற்றை மாணவர் கைகளாலேயே செய்து பொருத்தும் செயற்றிட்டமாக எடுத்துக்கொள்ள முடியுமா என்பதை இரு பல்கலைக்கழகங்களின் பீடாதிபதிகளும் உங்கள் பத்திரிகை வாயிலாகவே தெரிவித்தால் நன்றியுடையோராவோம்.

இங்ஙனம்,
சனசமூக நிலைய நிர்வாகக் குழு உறுப்பினர் ஒருவர்,
களுவாஞ்சிகுடி.